பாட்டு நம்பர் நூத்தி நாப்பத்தேழு

டேய் மாரி, மொதல்ல அந்தப் போனைக் கீழ வை. புள்ள பொறந்து மூணு நாள்தான் ஆகுது, அதுக்குள்ள எங்களுக்கு முந்நூறு போட்டோ காட்டிட்ட. எல்லாத்துலயும் அது தூங்குது. உன்னை மாதிரியே இருக்குன்னு நாங்க சொல்லணும், அதானே ஒனக்கு? சொல்லிட்டோம். அச்சு அசல் நீதான். மூக்கைத்தான் காணோம். அந்தோணி, நீ சிரிச்சது போதும், வெங்காயத்தைப் பாரு. போன ஞாயித்துக்கெழம நீ வதக்குன வதக்குல வெங்காயம் எது, சட்டி எதுன்னு எனக்குத் தெரியல.

இப்ப என்ன, புள்ளைக்குப் பேரு வேணும். இலக்கியத்துலேர்ந்து வேணும். அதுவும் நான் சொல்லணும். பனியன் கம்பெனியில செக்கிங் டேபிள்ல நின்னுக்கிட்டு பனியன்ல ஓட்டை தேடுறவன்கிட்ட வந்து, "புலவரே, சங்கப் பாட்டுல இருக்குற மாதிரி ஒரு பேரு சொல்லுங்க"ன்னு கேக்குற. மாரி, நான் பி.ஏ. தமிழ் படிச்சது மொத்தம் மூணு செமஸ்டர். அதுல ஒண்ணு கேன்டீன்ல, ஒண்ணு பஸ் ஸ்டாண்டுல. மிச்சம் ஒண்ணுல என்ன நடத்துனாங்கன்னு அந்த வாத்தியாருக்கே ஞாபகம் இருக்காது.

சொல்ல மாட்டேன். கோவமெல்லாம் இல்லடா. மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காத. நான் புள்ளைங்களுக்குப் பேரு வெக்கிறதில்ல. நிறுத்திட்டேன். சில பேரு சிகரெட்டை நிறுத்துவான்ல, அந்த மாதிரி.

ஏன்னா? சரி. கோழி வேக முக்கா மணி நேரம் ஆகும், கரண்டும் இல்ல, என் போன்ல சார்ஜும் இல்ல. சொல்றேன், கேளுங்க. அழுவாச்சிக் கதைன்னு நெனச்சு துண்டு எடுத்துக்காதீங்க. அன்னிக்கே எனக்கு ஒண்ணும் ஆகல. இப்ப ஆவப் போவுதா.

துறையூர்ல நான் ஃப்ளெக்ஸ் கடையில இருந்தேன்னு சொல்லியிருக்கேன்ல. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி, மலர் டிஜிட்டல்ஸ். ஓனரு ரவிச்சந்திரன் அண்ணன். டிசைன் பண்றது நான், ஒட்டுறது நான், டிவிஎஸ் எக்ஸெல்ல கொண்டுபோய்க் கட்டுறதும் நான். ஃப்ளெக்ஸ் கடைன்னா ஊருல நல்லது கெட்டது எல்லாம் நமக்குத்தான் மொதல்ல தெரியும். காலையில காது குத்து, மத்தியானம் கண்ணீர் அஞ்சலி, சாயங்காலம் மஞ்சள் நீராட்டு விழா. ஒரே டெம்ப்ளேட்தான். பூவை மாத்துனா போதும். ரோஸ் கலர் பூ போட்டா பொறந்தது, வெள்ளைப் பூ போட்டா போனது.

ஒரு தடவ பூவை மட்டும் மாத்திட்டு மத்ததை விட்டுட்டேன். அதை அப்புறம் சொல்றேன்.

இல்ல, வேணாம், இப்பவே சொல்லிடறேன். ஒரு கல்யாண ஃப்ளெக்ஸ்ல பொண்ணோட அப்பா பேருக்கு முன்னாடி 'தெய்வத்திரு'ன்னு போட்டுட்டேன். பழைய ஃபைல்ல இருந்தது, அழிக்கல. மறுநாள் காலையில தெய்வத்திருவே கடைக்கு வந்துட்டாரு. வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு, "நான் எப்படா செத்தேன்"ங்கிறாரு. நான், "நேத்து ராத்திரி எட்டு மணிக்கு மெஷின்ல ஓடுனப்பங்க"ன்னேன். ஓனரு என்னைப் பின்கட்டுக்கு இழுத்துட்டுப் போய் வாயில குத்தாத குறை.

அன்னையிலேர்ந்து கடையில ஒரு சட்டம். மேட்டரை, அதான் ஃப்ளெக்ஸ்ல வர்ற வாசகத்தை, கஸ்டமரே தன் கையால சீட்டுல எழுதணும். கீழ கையெழுத்துப் போடணும். ஃப்ளெக்ஸைக் கட்டி முடிக்கிற வரைக்கும் அந்தச் சீட்டு எங்க பாக்கெட்ல இருக்கணும். எவனாவது "தப்பா அடிச்சிட்டியே"ன்னு கேட்டா சீட்டை எடுத்துக் காட்டணும். "மேட்டர் உங்களுது சார், நாங்க அடிச்சுக் குடுக்குறவங்க." இந்த வாக்கியத்தை ஓனரு எனக்கு மனப்பாடம் பண்ண வெச்சாரு. காலேஜ்ல பண்ணாத மனப்பாடம்.

இதுக்கு நடுவுலதான் இந்தப் பேரு வெக்கிற வேலை. அது எப்படி ஆரம்பிச்சுதுன்னா, பேரு சூட்டு விழா ஃப்ளெக்ஸ்ல 'பெயர் விளக்கம்'னு ஒரு கட்டம் போடுறது அப்ப ஃபேஷன். வர்றவன் எல்லாம் ஜஷ்விகா, ரித்விகா, தக்ஷிதான்னு எழுதிட்டு வருவான். அர்த்தம் என்னன்னா தலையச் சொறிவான். நான் 'ஒளி மிக்கவள்'னு போட்டுருவேன். எல்லாருமே ஒளி மிக்கவள்தான். துறையூர் தாலுகாவுல அந்த ரெண்டு வருஷம் பொறந்த புள்ளைங்கள வெச்சு தெரு லைட்டையே நிறுத்திருக்கலாம்.

அப்புறம் சில பேரு, "தம்பி தமிழ் படிச்சதாமே, நல்ல தமிழ்ப் பேரா ஒண்ணு சொல்லேன்"னு கேக்க ஆரம்பிச்சாங்க. நானும் சொல்லுவேன். ரெண்டு வார்த்தைய எடுத்து ஒட்டுறது, "சங்கப் பாட்டுல வருதுங்க"ன்னு ஒரு போடு போடுறது. எந்தப் பாட்டுன்னு இதுவரைக்கும் ஒருத்தன் கேட்டதில்ல. கேட்டா ஏதாவது ஒரு நம்பர். ஓனருக்கும் சந்தோஷம், பேருக்குப் பேரு, கட்டத்துக்குக் கட்டம். அந்தத் தெருவுல டீக்கடையிலேர்ந்து பேங்க் வாட்ச்மேன் வரைக்கும் என்னைப் புலவர்னுதான் கூப்புடுவாங்க. எங்க அப்பா மட்டும்தான் தண்டம்னு கூப்புடுவாரு. அவரு படிக்காதவரு, விட்டுருவோம்.

எங்க கடைக்கு மேல மாடியில ஒரு ப்ளவுஸ் தைக்கிற கடை. அங்க வேலை பாத்த அக்கா பேரு போதும்பொண்ணு.

ஆமாடா, பேரே அதான். அந்தோணிக்குத் தெரியும், அவங்க ஊருலயும் இருக்கும். நாலாவதா பொறந்ததும் பொண்ணா போச்சு. இதோட பொண்ணு போதும்னு சாமிக்குச் சொல்றதுக்காக வெச்ச பேரு. சாமிக்குக் கேட்டுருச்சு போல, அடுத்தது பையன். அவனுக்கு என்ன பேரு தெரியுமா? ராஜகம்பீரன். ரேஷன் கார்டுல ரெண்டு வரி எடுக்கும். அக்கா எட்டாவது வரைக்கும் படிச்சிருக்கு. பள்ளிக்கூடத்துல அட்டெண்டன்ஸ் எடுக்கறப்ப டீச்சர் "போதும்பொண்ணு"ன்னு சொன்னா மொத்த கிளாஸும் "போதும் டீச்சர்"னு கத்துமாம். அக்காவே சொல்லிச் சிரிக்கும். நாங்க பொண்ணு அக்கான்னு கூப்புடுவோம். டெய்லி காலையில படி ஏறும்போது "சாப்ட்டியா தம்பி" கேக்காம போகாது. நான் என்னிக்கும் "இன்னும் இல்லக்கா"ன்னுதான் சொல்லுவேன். மாடியிலேர்ந்து ரெண்டு இட்லி வரும்ல.

கல்யாணம் ஆகி ஆறு வருஷம் கழிச்சு அக்காவுக்குப் புள்ள பொறந்துச்சு. பொண்ணு.

பேரு வெக்கிறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி கடைக்கு வந்துச்சு. பச்ச ஒடம்புக்காரி, காதுல துணி கட்டிக்கிட்டு. ஆட்டோவுல வீட்டுக்காரர் முருகேசண்ணன் புள்ளையோட உக்காந்திருக்காரு. அக்கா ஸ்டூல்ல உக்காந்து சொல்லுச்சு: "தம்பி, எங்க நாத்தனாரு, பேரு பாக்குற ஜோசியருகிட்ட போய் ஜஷ்விகான்னு எழுதி வாங்கிட்டு வந்துருச்சு. மாமியாருக்கும் அதான் புடிச்சிருக்கு. எனக்கு வேணாம்."

"ஏன்க்கா, ஒளி மிக்கவள்க்கா"ன்னேன்.

சிரிக்கல அக்கா. "எனக்குப் பேரு வெச்சப்ப யாரும் யோசிக்கவேயில்ல தம்பி. எம்பொண்ணு பேரை யாராவது ஒக்காந்து யோசிச்சிருக்கணும். பாட்டுல கீட்டுல வந்த பேரா இருந்தா, அதை எழுதுனவரு யோசிச்சுத்தானே எழுதிருப்பாரு. அப்படி ஒண்ணு சொல்லு. சும்மா பேரு மட்டும் சொல்லாத, பாட்டையும் சொல்லு. வீட்டுல வாயத் தொறக்க எங்கிட்ட வேற ஒண்ணும் இல்ல."

"நாளைக்கு வாக்கா"ன்னேன்.

மத்த பேரெல்லாம் எனக்கு ரெண்டு நிமிஷம். இதுக்குப் பத்து நிமிஷம் ஆச்சு. அந்தப் பக்கம் மெஷின்ல ஒரு கண்ணீர் அஞ்சலி ஓடிக்கிட்டிருந்துச்சு. ஆறடிக்கு எட்டடி. அது முடியறதுக்குள்ள எழுதிட்டேன். அந்தப் புள்ளையும் அக்கா மாதிரியே கருப்பு. ஆறு வருஷம் காத்திருந்து வந்தது. சரின்னு கார்முகைன்னு பேரு. கார்னா கருப்பு, மழைக்காலம்னும் அர்த்தம், முகைன்னா மொட்டு. மழைக்காகக் காத்திருந்து விரியற மொட்டு. பாட்டும் கட்டிட்டேன்.

*ஆண்டு பல காத்த கார்முகை அவிழ்ந்தென*
*ஈண்டு வந்தனள் என் இல்லத்து மகளே.*

என்னடா பாக்குற? நல்லாருக்குல்ல? எனக்கும் அப்ப நல்லாத்தான் இருந்துச்சு. ஒரு அம்மா பொண்ணு பொறந்ததும் பாடுனதாம், ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி. பாட்டு நம்பர் நூத்தி நாப்பத்தேழு. அன்னிக்கு எங்க ஆர்டர் புக்ல அந்தக் கண்ணீர் அஞ்சலி நம்பர் அதான்.

மறுநாள் அக்கா வந்துச்சு. நான் சொல்லச் சொல்ல சீட்டுல எழுதுச்சு. கடைச் சட்டம்ல. எழுத்துக் கூட்டி, நாக்கைக் கடிச்சுக்கிட்டு, 'ஈண்டு'க்கு ரெண்டு தடவ அடிச்சுத் திருத்தி எழுதுச்சு. கீழ கையெழுத்து. பா. போதும்பொண்ணு. எழுதி முடிச்சிட்டு ஒரு தடவ பாடிப் பாத்துச்சு. அதுவா ஒரு ராகம் போட்டுக்கிச்சு, நடவு நடறப்ப பாடுவாங்கள்ல அந்த மாதிரி இழுவை. நான் வேற பக்கம் திரும்பிக்கிட்டேன். எனக்குச் சிரிப்பு வந்துச்சுன்னு நெனைக்கிறேன். சிரிப்புதான்.

அதுக்கப்புறம் பத்து நாளு அந்த வீட்டுல சண்டை. முருகேசண்ணன் வந்து சொல்வாரு. மாமியாரு, "பேரு வாயில நுழையல"ங்குது. நாத்தனாரு வளர்மதி, "அத்தைக்காரி நான், காதுல சொல்றவ நான், எனக்குத் தெரியாம என்ன பேரு"ங்குது. அவங்க பக்கம் அத்தைதான் புள்ளைய மடியில வெச்சு, வெத்தலையைச் சுருட்டி காதுல வெச்சு, மூணு தடவ பேரைச் சொல்லணும். பொண்ணு அக்கா எதுக்கும் பதில் பேசாதாம். பாட்டை மட்டும் சொல்லுமாம். யாரு என்ன கேட்டாலும் பாட்டு. "சங்கப் பாட்டுல வந்துருக்கு. நூத்தி நாப்பத்தேழு." ஒரு கட்டத்துல முருகேசண்ணனே, "ரெண்டாயிரம் வருஷத்துப் பேரும்மா, விடுங்களேன்"னுட்டாரு. ஆறு வருஷத்துல அந்த மனுஷன் அக்கா பக்கம் பேசுனது அதான் மொத தடவைன்னு மாடியில பேசிக்கிட்டாங்க.

நாத்தனாரும் கடைசியில, "என்னமோ பண்ணுங்க, நான் சொல்லிட்டுப் போறேன்"னு எறங்கி வந்துருச்சு. ஜெயிச்சிருச்சு அக்கா. ஃப்ளெக்ஸ் எட்டுக்கு ஆறு. ரோஸ் கலர் பூ. கார்முகைன்னு பெருசா, கீழ பாட்டு, அதுக்குக் கீழ பாட்டு எண். என் வாழ்க்கையில நான் பண்ண நல்ல டிசைன் அது. ஓனரே, "புலவரே, இதை சாம்பிளுக்கு வெச்சுக்குவோம்"னாரு.

அந்தோணி, தண்ணி ஊத்து. அடி புடிக்குது. கொஞ்சமா ஊத்து, இது ரசம் இல்ல.

விழா அன்னிக்கு காலையில நான்தான் போய்க் கட்டுனேன். வாசல்ல சாமியானா, பின்பக்கம் டிபன் பந்தி. இட்லி, பொங்கல், கேசரி. அக்கா என்னைப் பாத்ததும், "கட்டிட்டு சாப்ட்டுட்டுப் போ தம்பி, போயிராத"ன்னு சொல்லுச்சு. பட்டுப் பொடவை. தலை நெறைய கனகாம்பரம். ஃப்ளெக்ஸுக்கு முன்னாடி நின்னு, புள்ளையைத் தூக்கிக் காட்டி, "பாரு, ஓம்பேரு"ங்குது. முப்பது நாள் புள்ளைக்கு என்ன தெரியும். அது கொட்டாவி விட்டுச்சு.

நான் போய் பந்தியில உக்காந்தேன்.

நாத்தனாரு வீட்டுக்காரரு இருக்காரே, அவரு தமிழ் வாத்தியாரு. உப்பிலியபுரம் பக்கம் ஏதோ மேனிலைப் பள்ளி. நல்ல மனுஷன்தான். கெட்டவரு மாதிரி சொன்னா கதை நல்லாருக்கும், ஆனா நல்ல மனுஷன். கண்ணாடியத் தூக்கி விட்டுக்கிட்டு ஃப்ளெக்ஸைப் படிச்சாரு. படிச்சிட்டு மெதுவாத்தான் கேட்டாரு, "இது எதுலம்மா வருது? நூத்தி நாப்பத்தேழுன்னா எந்தத் தொகையில நூத்தி நாப்பத்தேழு?"

அக்காவுக்கு என்ன தெரியும். "சங்கப் பாட்டுங்கண்ணா"ன்னுச்சு.

"இல்லம்மா, நான் முப்பது வருஷமா இதைத்தான் நடத்துறேன். இது புதுசா யாரோ கட்டுனது மாதிரி இருக்கு. ஆனா நல்லாத்தான் இருக்கு" அப்படின்னாரு.

அந்தக் கடைசி வார்த்தை யாரு காதுலயும் விழல. நாத்தனாருக்கு முன்பாதி மட்டும் கேட்டுச்சு. "அப்ப பொய்யா?" அவ்வளவுதான். சாமியானாவுக்குள்ள இருக்குற மொத்தக் கூட்டமும் இப்படித் திரும்புச்சு. மாமியாரு, "பத்து நாளா எங்க வாய அடைச்சியேடி, பொய்யச் சொல்லியாடி அடைச்ச"ன்னு உக்காந்துருச்சு. அக்கா, "கடைத் தம்பிதான் சொல்லுச்சு, தமிழ் படிச்ச தம்பி, கேளுங்க"ன்னு என் பக்கம் கையக் காட்டுச்சு.

நான் என்ன பண்றது? என் வாயில கேசரி. ஒரு வாய்க் கேசரி. முழுங்கவும் முடியல, துப்பவும் முடியல. நான் முழுங்கி முடிக்கறதுக்குள்ள, அந்த மேட்டர் சீட்டு எப்படியோ அங்க வந்துருச்சு. ஃப்ளெக்ஸோட சுருட்டி வந்திருக்கும் போல. நாத்தனாரு கையில இருந்துச்சு. "இது யாரு கையெழுத்து? இது ஓங் கையெழுத்துதானே? கீழ ஓம்பேருதானே போட்டுருக்கு? எட்டாவது படிச்சிட்டு பாட்டுக் கட்டுறியா நீ? கட்டிட்டு ரெண்டாயிரம் வருஷம்ங்கிற?"

யாரோ சிரிச்சாங்க. ஒரு பெருசு, "போதும்பொண்ணு, போதும் பொண்ணு"ன்னுச்சு. எல்லாரும் சிரிச்சாங்க.

முருகேசண்ணன் சீட்டை வாங்கிப் பாத்தாரு. அக்காவப் பாத்தாரு. "நீயா எழுதுன?"ன்னாரு.

அக்கா என்னைப் பாத்துச்சு. ரொம்ப நேரமெல்லாம் இல்ல. அடுப்புல பால் இருக்கான்னு எட்டிப் பாக்குற நேரம். அப்புறம் அவருகிட்ட, "ஆமா, நான்தான் எழுதுனேன்"னுச்சு.

அது ஏன் அப்படிச் சொல்லுச்சுன்னு எனக்கு இன்னி வரைக்கும் புரியல. யாரு கேட்டா?

அப்புறம் என்ன, நல்ல நேரம் முடியப் போவுதுன்னு அவசர அவசரமா உக்கார வெச்சாங்க. வளர்மதி மடியில புள்ள. வெத்தலையைச் சுருட்டி காதுல வெச்சு, ஜஷ்விகா, ஜஷ்விகா, ஜஷ்விகா. அக்கா பக்கத்துல உக்காந்து தட்டைப் புடிச்சுக்கிட்டு இருந்துச்சு. அழுவல. வாசல்ல ஃப்ளெக்ஸ் மேல ஒரு போர்வையப் போட்டு மூடிட்டாங்க. பூப் போட்ட போர்வை. ஓரத்துல 'முகை' மட்டும் எட்டிப் பாத்துக்கிட்டு இருந்துச்சு.

நான் சாப்ட்டுட்டுத்தான் வந்தேன். ரெண்டாவது தடவ பொங்கல் வாங்குனேன். எனக்கு ஒண்ணும் ஆகல. வண்டிய எடுத்துக்கிட்டு நேரா கடைக்கு வந்து, மதியத்துக்கு ஒரு காது குத்து இருந்துச்சு, அதை முடிச்சேன். ஓனருக்கு விஷயம் தெரிஞ்சு, "நல்லவேளை சீட்டு இருந்துச்சு. பாத்தியா, அண்ணன் சொன்னேன்ல"ன்னு தோள்ல தட்டுனாரு. அன்னிக்கு எனக்கு முட்டை பஃப்ஸ் வாங்கிக் குடுத்தாரு. அதையும் சாப்ட்டேன்.

பேருதானேடா. புள்ளைக்கு ஒண்ணும் ஆகலையே. ஜஷ்விகான்னு இருந்துட்டுப் போவுது, ஸ்கூல்ல இன்னும் பத்து ஜஷ்விகா இருக்கும், தொணைக்கு ஆச்சு. நான் அப்படித்தான் நெனச்சேன். நெனச்சேன்னு கூட சொல்ல முடியாது. ஒண்ணுமே நெனைக்கல. பல் டாக்டரு ஊசி போட்டதும் கன்னம் இருக்கா இல்லையான்னு தெரியாதுல்ல, தட்டிப் பாப்போம்ல. அந்த மாதிரி ஒரு அஞ்சு மாசம்.

அஞ்சு மாசம் கழிச்சு அக்கா மறுபடி வேலைக்கு வந்துச்சு. புள்ளையையும் தூக்கிட்டு. மாடியில தையல் மெஷினுக்குப் பக்கத்துலயே சேலையில தூளி. முதல் நாள் படி ஏறும்போது நான் கடையில குனிஞ்சுக்கிட்டேன். சிஸ்டத்துக்குக் கீழ வயர் எதையோ தேடுற மாதிரி. மேல நின்னு, "சாப்ட்டியா தம்பி"ன்னு கேட்டுச்சு.

"சாப்ட்டேங்க்கா"ன்னேன்.

அன்னிக்கு நான் சாப்புடல.

அப்புறம் டெய்லி கேக்கும். நானும் டெய்லி சாப்ட்டேன்னு சொல்லுவேன். திட்டிருக்கலாம். முருகேசண்ணன் அதுக்கப்புறம் அக்காகிட்ட சரியா பேசுறதில்லையாம். எதைச் சொன்னாலும், "இதுவும் நீ கட்டுனதா"ன்னு கேக்குறாராம். மாமியாரு மட்டும் பேசுதாம், பேசாம இருந்தா தேவலைங்கிற மாதிரி. இதெல்லாம் மாடியில இருக்குற மத்த பொம்பளைங்க சொல்லித்தான் எனக்குத் தெரியும். அக்கா எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல.

ஆனா மத்தியானத்துல எங்க மெஷின் நிக்கிற நேரம் மேலேர்ந்து சத்தம் வரும். தூளிய ஆட்டுற சத்தம், கயிறு கிறீச் கிறீச்சுங்கும். கூடவே அந்த இழுவை. ஆண்டு பல காத்த... அதே ராகம். நான் உடனே ஏதாவது ஒரு ஃபைலை ஓட விட்ருவேன். தேவையில்லாத டெஸ்ட் பிரிண்டு. மெஷின் சத்தத்துல ஒண்ணும் கேக்காது. ஓனரு இங்க் எப்படி இவ்ளோ தீருதுன்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு.

ஒரு நாள் அக்கா கீழ எறங்கி வந்துச்சு. இடுப்புல புள்ள. கடையில ஓனரு இல்ல. ஸ்டூல்ல உக்காந்துச்சு, அதே ஸ்டூலு. புள்ள என் கீபோர்டைப் புடிச்சு இழுக்குது. நல்லா வளந்துருச்சு. கருப்பா, பெரிய கண்ணு.

"தம்பி, ஒண்ணு கேக்கணும்"ன்னுச்சு.

எனக்குத் தெரியும் என்ன கேக்கப் போவுதுன்னு. ஏன்டா இப்படிப் பண்ணேன்னு கேக்கும். அதுக்கு நான் பதில் வெச்சிருந்தேன். அஞ்சு மாசமா வெச்சிருந்தேன். நாலஞ்சு பதில். ஒண்ணு ஜோக்கா கூட இருந்துச்சு.

"அதுக்கு மேல ரெண்டு வரி எழுதிக் குடேன். இது தூங்க மாட்டேங்குது. ரெண்டு வரிதான் இருக்கு, திருப்பித் திருப்பிப் பாடுனா முழிச்சுக்கிட்டு என்னையே பாக்குது. இன்னும் ரெண்டு வரி இருந்தா தூங்கிரும்."

அவ்வளவுதான் கேட்டுச்சு.

"சரிக்கா"ன்னேன்.

"அவசரமில்ல. யோசிச்சு எழுது"ன்னுட்டு மேல போயிருச்சு.

அன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் உக்காந்தேன். மறுநாளும் உக்காந்தேன். மாரி, எனக்கு வாயத் தொறந்தா வார்த்தை வரும்னு ஒனக்குத் தெரியும். நம்ம சூப்பர்வைசர் மேல நான் ஒரே மூச்சுல பதினெட்டு வரி எடுத்து விட்டேன்ல. அன்னிக்கு ஒரு வார்த்தை வரல. 'ஆண்டு' போட்டேன், அடிச்சேன். 'வேண்டி' போட்டேன், அடிச்சேன். நாலு நாள். அக்கா டெய்லி படி ஏறும்போது சாப்ட்டியான்னு மட்டும்தான் கேக்கும். எழுதிட்டியான்னு கேக்கவேயில்ல. அஞ்சாவது நாள் நான் துணிப் பையை எடுத்துக்கிட்டு திருப்பூர் பஸ் ஏறிட்டேன். ஓனருக்குக் கூட சொல்லல. எங்க அப்பாவுக்கு போன்ல சொன்னேன். "தண்டம் எங்க இருந்தா என்ன"ன்னாரு.

ஒண்ணரை வருஷம் ஆச்சு. கதை அவ்வளவுதான். கோழி வெந்துருச்சா பாரு.

என்னடா மாரி? என்ன யோசிக்கிற? சீட்டா?

ஃப்ளெக்ஸோட சுருட்டி வந்திருக்கும்னு சொன்னேன்ல.

சீட்டு எங்க பாக்கெட்லதான் இருக்கணும்னு நான்தான் மொதல்ல சொன்னேன். ஆமா. சொன்னேன். நீ கேட்டுக்கிட்டுத்தான் இருந்திருக்க. நான் என்னமோ நீ புள்ள போட்டோ பாத்துக்கிட்டு இருக்கன்னு நெனச்சேன்.

சரி.

கேசரி அப்ப எனக்கு வைக்கவேயில்ல. வெறும் இலை. வாயில ஒண்ணும் இல்ல. அந்த வாத்தியாரு பந்திக்கே நடந்து வந்தாரு. என் தோள் மேல கைய வெச்சாரு. "தம்பி, நீங்க எழுதுனதா? நல்லா இருக்கு தம்பி, சும்மா சொல்லுங்க"ன்னாரு. கோவமே இல்ல அவருக்கு. ஆமாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிருந்தா போதும். அவரே கூட எனக்காகப் பேசிருப்பாரு. சுத்தி, விழாவுக்கு வந்த எங்க கடைத்தெரு ஆளுங்க அத்தனை பேரும் நின்னாங்க, டீக்கடைக்காரரு, பேங்க் வாட்ச்மேன், எல்லாரும் 'புலவரு என்ன சொல்றாரு'ன்னு பாத்துக்கிட்டு.

நான் எழுந்திரிச்சேன். சட்டைப் பாக்கெட்லேர்ந்து சீட்டை நானே எடுத்தேன். நாலா மடிச்சிருந்தேன், பிரிச்சேன். வாத்தியாருகிட்ட குடுக்கல. நேரா போயி நாத்தனாரு கையில குடுத்தேன்.

"மேட்டர் அக்காவுதுங்க. நாங்க அடிச்சுக் குடுக்குறவங்க"ன்னு நான்தான் சொன்னேன்.